சாண்டோவின் உடம்பும் கோக்கோ டப்பாவும்

தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பழைய எம்ஜிஆர் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். தேவர் பிலிம்ஸ் என்ற எழுத்துகளைத் தொடர்ந்து, சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் என்று திரையில் வரும். சிறு வயதில் சாண்டோ என்பது ஏதோ ஊரின் பெயர் என்று நினைத்திருந்தேன். அது ஊரும் இல்லை, தமிழ்ச் சொல்லும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, அன்றைய பிரஷ்யாவில் பிறந்த ஒருவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட மேடைப் பெயர் அது.

அவரைப் பற்றித் தேடிப் படிக்க என்னைத் தூண்டியவன் என் தம்பி. உயர்நிலை நான்கில் படிக்கும் அவன், தேசிய சேவைக்குப் போவதற்குள் தோளும் மார்பும் விரிய வேண்டும் என்று இரவுச் சோற்றை நிறுத்தினான். மிச்சம் பிடித்த கைச்செலவுப் பணத்தில் பெரிய புரதத்தூள் டப்பா ஒன்றை வாங்கி வந்தான். இரவு ஒரு மணிவரை கைப்பேசியில் உடற்பயிற்சிக் காணொளிகள், காலை ஆறு மணிக்குப் பள்ளி. இரண்டு மாதம் கழித்து அவன் முன்பைவிட மெலிந்திருந்தான். டப்பாவின் மேல் அச்சிட்டிருந்த ஆணழகரின் படத்தைப் பார்த்தபோது, இந்த வழக்கத்தை யார் தொடங்கிவைத்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. தேடிப் போனால் சாண்டோவிடம் வந்து நின்றேன்.

ஒல்லிப் பையன்

யூஜின் சாண்டோ என்று உலகம் அறிந்தவரின் இயற்பெயர் பிரெட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அந்த நகரம் ரஷ்யாவிடம் இருக்கிறது, பெயர் கலினின்கிராட். சிறு வயதில் தாம் ஒல்லியான, பலமில்லாத பையன் என்று பின்னாளில் அவரே எழுதினார். பத்து வயதில் தந்தையுடன் இத்தாலிக்குப் போனபோது பழங்காலப் பளிங்குச் சிலைகளைப் பார்த்து மலைத்ததாகவும், இப்படிப்பட்ட உடம்பு இந்தக் காலத்து மனிதருக்கு ஏன் இல்லை என்று தந்தையிடம் கேட்டதாகவும் அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. அது நடந்ததா, விளம்பரத்துக்காகக் கட்டியதா என்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். சாண்டோவின் வாழ்க்கையில் இப்படிப் பல கதைகள் உண்டு. தம்மைப் பற்றித் தாமே கதை சொல்லும் கலையில் அவர் தேர்ந்தவர்.

1885ஆம் ஆண்டு வாக்கில் அவர் பிரஷ்யாவைவிட்டு வெளியேறினார். கட்டாய ராணுவச் சேவையைத் தவிர்க்கவே போனார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பின்னாளில் பிரிட்டிஷ் இளைஞர்களைப் போர்வீரருக்குரிய உடற்தகுதிக்குக் கொண்டுவரப் பாடுபட்டவரின் தொடக்கம் இது! தேசிய சேவைக்கு முன்பாகத் தண்டால் எண்ணிக்கொண்டிருக்கும் நம் பையன்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சர்க்கஸ் குழுக்களில் வித்தை காட்டிப் பிழைத்தார். பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் அட்டிலா என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த லூயிஸ் டர்லாக்கர் என்ற பயிற்சியாளரைச் சந்தித்தார். சாண்டோவின் உடம்பை உருவாக்கியதில் அட்டிலாவுக்குப் பெரிய பங்கு உண்டு. கனமான எடைகளைத் தூக்க வைத்தார், மேடையில் எப்படி நிற்பது என்று கற்றுக் கொடுத்தார், பெயரையும் மாற்ற வைத்தார். தாயின் குடும்பப் பெயரான சாண்டோவ் என்பதிலிருந்து சாண்டோ வந்தது என்று சொல்வதுண்டு.

இந்த ஆண்டுகளை நான் வேண்டுமென்றே நிதானமாகச் சொல்கிறேன். சாண்டோவைப் பற்றிய எல்லாப் படங்களும் அவர் முழு உருவம் பெற்ற பிறகு எடுத்தவை. ஆனால் அந்த உருவம் வந்தது பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும், சர்க்கஸ் கூடாரத்தில் தினமும் தாவி, தொங்கி, ஆள்களைத் தூக்கிய உழைப்பில். அப்போது அவரிடம் பணமும் இல்லை, சிறப்பு உணவும் இல்லை.

சிங்கத்துக்குக் கையுறை

1889ஆம் ஆண்டு சாண்டோ லண்டன் சேர்ந்தார். அங்கே சாம்சன் என்ற மேடைப் பெயர் கொண்ட பலசாலி ஒருவர், தம்மை வெல்லக்கூடியவர் உண்டா என்று இரவுதோறும் சவால் விட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து எழுந்து போன சாண்டோ, சாம்சனின் சீடரை முதலில் வென்றார். சில நாள் கழித்து சாம்சனையும் வென்றார். ஒரே வாரத்தில் லண்டன் முழுவதும் அவர் பெயர். அப்போது அவருக்கு 22 வயது.

1893இல் சிகாகோவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. சாண்டோவின் நிகழ்ச்சியை நடத்தியவர் ஃபுளோரன்ஸ் சீக்ஃபெல்ட் என்ற இளைஞர். பின்னாளில் அமெரிக்க நாடக மேடையின் பெரும்புள்ளி ஆனவர். சாண்டோ எதைத் தூக்குகிறார் என்பதைவிட அவர் உடம்பையே மக்கள் பார்க்க விரும்புகிறார்கள் என்பதை சீக்ஃபெல்ட் கண்டுகொண்டார். தூக்குவது குறைந்தது, நிற்பது கூடியது. நிகழ்ச்சி முடிந்ததும் அறப்பணிக்கு நன்கொடை தந்த சீமாட்டிகள் மேடைக்குப் பின்னால் வந்து அவர் புயத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். இன்றைய உடற்கட்டுப் போட்டிகளின் விதை இங்கேதான் விழுந்தது.

சாண்டோ புகைப்படங்களுக்கு நிற்கும்முன் உடம்பெங்கும் வெள்ளைப் பொடி பூசிக்கொள்வார். பளிங்குச் சிலைபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக. விளக்கை எந்தப் பக்கம் வைத்தால் தசையின் மேடு பள்ளம் தெரியும் என்பதும் அவருக்கு அத்துப்படி. கைப்பேசிச் செயலிகளின் வடிகட்டிகளுக்கு நூற்றாண்டுக்கு முன்பே அவர் வழிகாட்டிவிட்டார். அந்தப் படங்கள் அஞ்சலட்டைகளாக விற்றன. வாங்கியவர்களில் எத்தனையோ பையன்கள் கண்ணாடி முன் நின்று தங்கள் கையை அந்த அட்டையோடு ஒப்பிட்டிருப்பார்கள். பொடியும் விளக்கும் அவர்களுக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது?

1894 மார்ச் மாதம் தாமஸ் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் சாண்டோவைப் படம் பிடித்தார்கள். திரைப்படம் என்ற கலை பிறந்துகொண்டிருந்த நேரம் அது. சில வினாடிகளே ஓடும் அந்தப் படத்தை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு சண்டை என்று விளம்பரம் செய்தார்கள். பெருங்கூட்டம் கூடியது. சிங்கத்தின் வாயைக் கட்டி, பாதங்களுக்குக் கனமான கையுறை மாட்டியிருந்தார்கள். அப்படியும் சிங்கத்துக்குச் சண்டையில் ஆர்வமே இல்லை. காசு கொடுத்து வந்தவர்கள் கேலி செய்துவிட்டுப் போனார்கள்.

அவர் சாப்பிட்டது என்ன?

1897இல் சாண்டோ பலம் பெறுவது எப்படி என்பது பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதே ஆண்டு லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தார். மறு ஆண்டு மாத இதழ் ஒன்றும் வந்தது. அஞ்சல்வழிப் பயிற்சியும் உண்டு. உடல் அளவுகளை எழுதி அனுப்பினால் அதற்கேற்ற பயிற்சி அட்டவணை திரும்பி வரும். பெண்களுக்கும் பயிற்சி அளித்தார். இடுப்பை இறுக்கும் அக்கால உடுப்புகளுக்கு எதிராகப் பேசினார்.

அந்த நூலில் உணவைப் பற்றி அவர் சொல்வதைப் படித்தால் டப்பா வாங்கிய என் தம்பிக்கு ஏமாற்றமாக இருக்கும். சிறப்பு உணவு எதுவும் தேவையில்லை என்கிறார். எளிய, சத்தான உணவை வேளை தவறாமல் பசிக்கு ஏற்பச் சாப்பிட வேண்டும், நன்றாக மென்று விழுங்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும். பச்சை இறைச்சி தின்றால் பலம் வரும் என்ற அக்கால நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. வயதுக்கு ஏற்ற தனித்தனி அட்டவணைகள் தந்திருக்கிறார். அவற்றில் பதின்ம வயதினருக்கு அவர் குறித்த டம்பெல்களின் எடை சில பவுண்டு மட்டுமே.

இதில் பாதி உண்மை, பாதி வியாபாரம். லேசான டம்பெல்லால் அவர் உடம்பு வரவில்லை. அட்டிலாவிடம் கனமான எடைகளைத் தூக்கியே வந்தது. அவர் காலத்திலேயே மற்றப் பலசாலிகள் இதைச் சொல்லிக் குறை கூறினார்கள். லேசான டம்பெல் வீட்டுக்கு வீடு விற்கும், அஞ்சலில் அனுப்பலாம். ஆனால் சோறும் தூக்கமும் பற்றி அவர் சொன்னது வியாபாரம் இல்லை. அதற்கு விலைச்சீட்டு ஒட்ட முடியாதே.

அன்றைய அறிவியல் இந்த விஷயத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஜெர்மனியின் கார்ல் வோய்ட், உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என்றார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரசல் சிட்டெண்டன், விளையாட்டு வீரர்களையும் ராணுவ வீரர்களையும் வைத்து மாதக்கணக்கில் சோதித்து, அதில் பாதியே போதும் என்று 1904இல் எழுதினார். வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது.

இன்று நமக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். 14 முதல் 18 வயதுவரை உள்ளவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாள்தோறும் 0.85 கிராம் புரதம் என்பது பொதுப் பரிந்துரை. கடுமையாகப் பயிற்சி செய்யும் விளையாட்டாளர்களுக்கு இதை 1.2 முதல் 2 கிராம்வரை உயர்த்துகிறார்கள். 60 கிலோ எடையுள்ள பையன் நடுவில் ஓர் அளவை எடுத்துக்கொண்டால் நாளுக்கு 90 கிராம்.

எங்கள் வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காலையில் இரண்டு முட்டை, ஒரு குவளை பால்: 20 கிராம். பள்ளிக்குப் பக்கத்து உணவங்காடியில் கோழிச் சோறு, அதில் கோழி 100 கிராம் இருந்தால் சோற்றையும் சேர்த்து 30க்கு மேல். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை: 7. இரவில் தேக்கா சந்தையில் அம்மா வாங்கிவரும் மீன் ஒரு பெரிய துண்டு, ஒரு கிண்ணம் பருப்பு, சோறு: ஏறத்தாழ 33. கூட்டிப் பார்த்தால் 90ஐத் தொட்டுவிடுகிறது. டப்பா இன்னும் திறக்கவே இல்லை! சைவ உணவுக்காரர்கள் மீனுக்கும் கோழிக்கும் பதில் டெம்பே, தவ்வு, கொண்டைக்கடலை, தயிர் என்று போகலாம். 100 கிராம் டெம்பேயில் 19 கிராமுக்குக் குறையாத புரதம் இருக்கிறது. நம் பக்கத்து மலாய்க் கடையில் சில வெள்ளிக்குக் கிடைப்பது.

தம்பி செய்த பெரிய தவறு சோற்றை நிறுத்தியது. எடை தூக்கும்போது தசை எரிப்பது பெரும்பாலும் மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையைத்தான். அது தசைக்குள் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்ந்திருக்கும். சோறு, சப்பாத்தி, தோசை எதுவும் உள்ளே போகாவிட்டால் அந்தச் சேமிப்பு நிரம்பாது. மொத்தச் சக்தியும் குறைந்தால், குடித்த விலையுயர்ந்த புரதத்தின் ஒரு பகுதியையும் உடம்பு விறகுபோல எரித்துவிடும். வளரும் வயதில் உயரத்துக்கும் எலும்புக்கும் வேறு சக்தி வேண்டும். நம் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படத்தில் பாதி காய்கறி பழம், கால் பங்கு முழுத் தானியம், கால் பங்கு இறைச்சி, பருப்பு வகை என்று போட்டிருப்பார்கள். பயிற்சி செய்கிறவர் தட்டின் அளவைக் கூட்டலாம், அந்தக் கால் பங்குத் தானியத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

தூக்கத்துக்கு வருவோம். தசை வளர்வது கூடத்தில் இல்லை. பயிற்சி தசையைக் களைப்படையச் செய்து, அதன் நுண்ணிய இழைகளைச் சிதைக்கிறது. அதைச் சரிசெய்து, முன்பைவிடச் சற்றுத் தடிமனாகக் கட்டும் வேலை பிறகு ஒரு நாள், இரண்டு நாள் நடக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். திங்கட்கிழமை மார்புக்குப் பயிற்சி செய்தவர் செவ்வாய்க்கிழமையும் அதே மார்புக்குச் செய்தால், கொத்தனார் பூசிய சுவர் காயும்முன் மறுபடி சுத்தியலை எடுப்பதுபோல. முதல் சில வாரங்களில் பலம் கூடுவதற்குக் காரணம் நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதே. அப்போது கண்ணாடியில் மாற்றம் தெரியாது. பலர் கைவிடுவதும் டப்பா வாங்குவதும் இந்த வாரங்களில்தான்.

எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். முறையாக, தெரிந்தவர் மேற்பார்வையில், அளவாகச் செய்தால் அப்படி எதுவும் ஆவதற்குச் சான்று இல்லை. மேற்பார்வை இல்லாமல் நண்பனோடு போட்டி போட்டுத் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து.

கல்கத்தாவிலிருந்து கோவை வரை

1901 செப்டம்பர் 14ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் சாண்டோ நடத்திய போட்டியை உலகின் முதல் பெரிய உடற்கட்டுப் போட்டி என்பார்கள். சாண்டோவுடன் நடுவராக அமர்ந்தவர்களில் ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், மற்றவர் சார்ல்ஸ் லாஸ் என்ற சிற்பி. பெரிய தசைக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. உடம்பின் எல்லாப் பகுதியும் சமமாக வளர்ந்திருக்கிறதா, தோல் எப்படி இருக்கிறது, பொதுவான ஆரோக்கியம் எப்படி என்றெல்லாம் பார்த்தார்கள். நாட்டிங்ஹாம் நகரின் வில்லியம் மரே வென்றார். அதே ஆண்டு லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சாண்டோவின் முழு உடம்பையும் சாந்தில் வார்ப்பெடுத்தது. ஐரோப்பிய இனத்தின் நிறைவான மாதிரி என்பது அதன் நோக்கம். இனங்களை மேல் கீழாக அடுக்கிப் பார்த்த காலம் அது என்பதை மறக்கக்கூடாது.

அந்த நினைப்போடுதான் 1904ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இந்தியா வந்ததையும் பார்க்க வேண்டும். கல்கத்தா, பம்பாய் என்று மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சென்றார். இந்தியர்கள் உடல் வலுவற்றவர்கள் என்று ஆட்சியாளர்கள் ஏளனம் செய்துகொண்டிருந்த காலம். அதற்குப் பதில் சொல்லத் துடித்த இளைஞர்கள் ஒரு வெள்ளையரின் பயிற்சி முறையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். கர்லாக்கட்டையும் தண்டாலும் இளவட்டக்கல்லும் நம்மிடம் முன்பே இருந்தவை. அவற்றோடு டம்பெல்லும் கண்ணாடியும் சேர்ந்தன. பெங்களூரில் கே.வி. ஐயர் நடத்திய ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடம் இந்தக் கலப்பில் பிறந்ததே. அவர் எடையையும் தூக்கினார், சூரிய நமஸ்காரத்தையும் கற்பித்தார்.

மெல்ல மெல்ல சாண்டோ என்ற பெயர் ஓர் ஆளைக் குறிப்பதை விட்டுப் பட்டமாக மாறியது. உடம்பை வளர்த்தவரெல்லாம் ஊரில் சாண்டோ ஆனார்கள். 1915இல் கோவை இராமநாதபுரத்தில் பிறந்த சின்னப்பா தேவர் அவர்களில் ஒருவர். ஏழைக் குடும்பம்; அதிகம் படிக்கவில்லை; பஞ்சாலையில் வேலை பார்த்தார். நண்பர்களோடு சேர்ந்து உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். அந்த உடம்பே அவரைத் திரைப்படச் சண்டைக் காட்சிக்குக் கொண்டுபோனது. 1947இல் வந்த ராஜகுமாரி படத்தில் எம்ஜிஆரோடு மோதினார். பின்னர் தேவர் பிலிம்ஸ் தொடங்கி 1956இல் தாய்க்குப்பின் தாரம் படத்தையும், 1971இல் இந்தியில் ஹாத்தி மேரே சாத்தி படத்தையும் எடுத்தார். 1978இல் மறைந்தார். லண்டன் சாண்டோவின் நூல் அவர் கைக்கு வந்திருக்கத் தேவையே இல்லை. பெயர் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

டப்பா வருகிறது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் பிளாஸ்மான் என்ற தூள் விற்பனைக்கு வந்தது. ஆடை நீக்கிய பாலின் புரதத்தைப் பிரித்து உலர்த்தியது. எழுத்தாளர் மார்க் டுவைன் அந்த நிறுவனத்தில் பணம் போட்டு நட்டப்பட்டார். ஷேக்கிள்டனின் தென்துருவப் பயணக் குழு பிளாஸ்மான் ரொட்டியை எடுத்துச் சென்றது. அந்தத் தூளின் விளம்பரத்தில் சாண்டோவின் பெயர் வந்தது. புரதத்தூள் டப்பாவையும் தசைநாயகரையும் சேர்த்து வைத்த விளம்பரங்களில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். சாண்டோவின் உடம்பு லண்டனை மயக்கியது 1889இல். எடிசன் அதைப் படம் பிடித்தது 1894இல். தூள் வந்தது அதற்குப் பிறகு. எனவே தூள் கட்டிய உடம்பு அது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விளம்பரத்தைப் பார்த்த பையனுக்கு முன்பின் தெரியாது. டப்பாவும் உடம்பும் ஒரே படத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அடுத்து அவரே ஒரு பொருளைக் கொண்டுவந்தார்: சாண்டோ ஆரோக்கிய பலக் கோக்கோ. 1906இல் பிரிட்டிஷ் குடிமகனாகி, 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உடற்பயிற்சி ஆசானாகவும் நியமனம் பெற்றிருந்த நேரம். அவர் பெயரில் எதுவும் விற்கும் என்று தோன்றியது. லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸ் என்ற இடத்தில் தொழிற்சாலை எழுந்தது. அப்போது முதல் உலகப் போர் மூண்டது. பிறப்பால் ஜெர்மானியர் என்பதால் அவர் மேல் மக்களுக்குக் கசப்பு. 1916இல் கோக்கோ வியாபாரம் கவிழ்ந்தது. அந்தத் தொழிற்சாலை கைமாறி, பின்னாளில் நெஸ்லே நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது.

அதே நெஸ்லே 1934இல் ஆஸ்திரேலியாவில் இன்னொரு கோக்கோ பானத்தை அறிமுகம் செய்தது. கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கித் தூக்கி, அது காளையாக வளர்ந்த பிறகும் தூக்கினார் என்று கதை சொல்லும் பழங்கால கிரேக்க மல்யுத்த வீரர் மைலோவின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆம், நம் பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் பச்சை வண்டியிலிருந்து காகிதக் கோப்பையில் வாங்கிக் குடித்த மைலோதான். கோக்கோவும் பலமும் என்ற சாண்டோவின் யோசனை தோற்கவே இல்லை, வேறு பெயரில் நம் காப்பிக் கடைவரை வந்துவிட்டது. மைலோ எனக்கும் பிடிக்கும். அதில் உள்ள புரதத்தில் பெரும்பங்கு நாம் சேர்க்கும் பாலிலிருந்து வருகிறது, சர்க்கரையும் கூடவே வருகிறது என்று தெரிந்து குடிப்பேன்.

புரதத்தூள் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கரண்டித் தூளில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும்; ஏறத்தாழ மூன்று குவளைப் பால் அல்லது நான்கு முட்டை. சாப்பிட நேரமில்லாத நாளில் அது வசதி. ஆனால் சத்துக்கூட்டு மாத்திரைகளையும் தூள்களையும் மருந்துபோல முன்கூட்டியே சோதித்து ஒப்புதல் கொடுத்துக் கடைக்கு அனுப்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் சத்துக்கூட்டுப் பொருள்களை விற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அப்படி ஒப்புதல் பெற வேண்டியதில்லை. வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கும் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது டப்பாவுக்கே வெளிச்சம். கிரியேட்டினைப் பொறுத்தவரை, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் எடுப்பதை அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு ஊக்குவிப்பதில்லை.

இன்னொரு தேதியும் முக்கியம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அறிவியலாளர்கள் பிரித்தெடுத்ததும் செயற்கையாக உருவாக்கியதும் 1935இல். சாண்டோ இறந்து பத்தாண்டுகள் கழித்து. ஆகவே ஸ்டீராய்டு இல்லாத உடம்பு எதுவரை போகும் என்பதற்கு அவர் படங்கள் நல்ல அளவுகோல். அந்தப் படங்களைத் தம்பியிடம் காட்டினேன். இவ்வளவுதானா என்றான். உலகமே வியந்த அந்த உடம்பு அவன் கைப்பேசியில் தினமும் பார்க்கும் உடம்புகளுக்கு முன்னால் சாதாரணமாகத் தெரிந்தது. அவற்றில் சில எதனால் வந்தவை என்று அன்று இரவு வெகுநேரம் பேசினோம். வளரும் வயதில் ஸ்டீராய்டு எடுத்தால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும், எட்ட வேண்டிய உயரத்தை எட்ட முடியாமல் போகலாம் என்பதும் அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. டப்பா இப்போது சமையலறை அலமாரியில் பாதி காலியாக இருக்கிறது. சோறு திரும்ப வந்துவிட்டது. தூக்கம் இன்னும் சரியாகவில்லை, தேர்வுக் காலம்.

சாண்டோ 1925ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி லண்டனில் தம் வீட்டில் இறந்தார். வயது 58. பள்ளத்தில் சிக்கிய காரைத் தனியாளாகத் தூக்கியதில் மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது என்று செய்தி பரவியது. பெருந்தமனி வீங்கி வெடித்ததே காரணம் என்று பின்னர் எழுதியவர்கள் கூறினார்கள். கடைசியிலும் அவரைப் பற்றி ஒரு கதை. மனைவி பிளான்ச் அவரை பட்னி வேல் மயானத்தில் பெயர் பொறிக்காத இடத்தில் அடக்கம் செய்ய வைத்தார். பல பத்தாண்டுகள் அந்தக் கல்லறையில் பெயர் இல்லை. பின்னர் ஆர்வலர் ஒருவரும், அவரை அடுத்துக் கொள்ளுப்பேரன் ஒருவரும் கல் நட்டார்கள். உலக ஆணழகர் போட்டிகளில் மிகப் பெரியதான மிஸ்டர் ஒலிம்பியாவில் வெல்பவருக்கு 1977 முதல் கொடுக்கும் வெண்கலச் சிலை அவருடைய உருவம்தான். அதைக் கையில் ஏந்தி நிற்கும் வெற்றியாளரின் புயம், பெரும்பாலும் அந்தச் சிலையின் புயத்தைவிட வெகு பெரியதாக இருக்கிறது.